ஒரு மெழுகுவத்தி, 6 வகுப்பு: யார் இந்த மைக்கேல் ஃபாரடே?

ஒரு விஞ்ஞானி நேரில் வந்து பேசினால் பள்ளிப் பசங்களுக்கு என்ன கிடைத்துவிடும்? ஃபாரடேவின் கதையில் பதில் இருக்கு.

1791-ல் லண்டன் அருகே பிறந்தவர். அப்பா இரும்புக் கொல்லர். வீட்டில் வறுமை, பள்ளிப் படிப்பு பெயருக்குத்தான். 14 வயதில் புத்தக பைண்டிங் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியல் பழகினார்.

1812-ல் கடை வாடிக்கையாளர் ஒருவர் டிக்கெட் கொடுக்க, ராயல் இன்ஸ்டிடியூஷனில் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியின் உரைகளைக் கேட்டார். எடுத்த குறிப்புகளை பைண்ட் செய்து டேவிக்கே அனுப்பினார். அடுத்த வருடமே அங்கே உதவியாளர் வேலை!

1831-ல் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தார். இன்றைய ஜெனரேட்டர்கள் ஓடுவது அந்தத் தத்துவத்தில்தான்.

பெரிய ஆளான பிறகும் பசங்களை மறக்கவில்லை. இளையோருக்காக அதே இடத்தில் நடந்த கிறிஸ்துமஸ் உரைகளை 19 முறை வழங்கினார். 1860-ல் தொடங்கிய கடைசித் தொடருக்கு எடுத்துக்கொண்டது ஒரு சாதாரண மெழுகுவத்தி. அது எப்படி எரிகிறது, எரிந்த மெழுகு எங்கே போகிறது, நம் மூச்சுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? 6 உரைகள், கண்ணெதிரே சோதனைகள். அது புத்தகமாகவும் வந்தது. 1867-ல் ஃபாரடே மறைந்தார்.

சுமார் 100 ஆண்டுகள் கழித்து, ஜப்பானில் ஒரு பள்ளி ஆசிரியர் சொல்லி அந்தப் புத்தகத்தைப் படித்த சிறுவன் அகிரா யோஷினோ. லித்தியம் அயான் பேட்டரிக்காக 2019-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். உங்கள் கையில் இருக்கும் போன் ஓடுவதும் அந்த பேட்டரியில்தான்.

ஃபாரடேவுக்கு டிக்கெட் கிடைத்தது அதிர்ஷ்டம். பள்ளிகளே விஞ்ஞானிகளை வகுப்புக்கு அழைத்தால், எந்தப் பிள்ளையும் அதிர்ஷ்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்.