கைப்பிடியை ஒழித்த கெட்டரிங்

மோட்டார் வண்டி தோன்றிய நாள்களில் அதனைக் கிளப்புதல் எளிய செயலன்று. வண்டியின் முன்புறத்தே இரும்புக் கைப்பிடியைச் செருகி வன்மையாகச் சுழற்றினாலன்றிப் பொறி உயிர்பெறாது. சில வேளைகளில் அக்கைப்பிடி எதிர்ப்புறமாகத் திரும்பிச் சுழற்றியவர் கையெலும்பை முறித்துவிடும். காடிலாக் வண்டித் தொழிலகத் தலைவர் ஹென்றி லேலண்டின் நண்பரொருவர் அங்ஙனம் அடியுண்டு, அதன் விளைவாக இறந்தார் என்பர். இத்துன்பத்தை நீக்க விழைந்த லேலண்டுக்குத் துணைநின்றவர் சார்லசு கெட்டரிங் என்னும் அமெரிக்க அறிஞர்.

கெட்டரிங் 1876ஆம் ஆண்டு ஒகையோ மாநிலத்தில் உழவர் குடியிற் பிறந்தார். இளமையிலேயே அவர்தம் பார்வை குன்றியிருந்தது. கண்ணோயால் பல்கலைக்கழகப் படிப்பை இடையே நிறுத்தித் தொலைபேசிக் கம்பி அமைக்கும் தொழிலாளருள் ஒருவராய் உழைத்தார். எனினும் மனந்தளராது மீண்டும் பயின்று, 1904இல் மின்பொறியியற் பட்டம் பெற்றார்.

பின்னர் டேட்டன் நகரில் பணப்பதிவுப் பொறி செய்யும் தொழிலகத்தில் அமர்ந்து, அப்பொறி மின்னால் இயங்குமாறு செய்தார். சிறிய மின்னோடியாயினும், சிறிது நேரமே இயங்குவதாயின், அளவுக்கு மிஞ்சிய சுமையையும் தாங்கும் என்னும் உண்மையை அங்கே அறிந்தார். வண்டியைக் கிளப்ப மிகப் பெரிய மின்னோடி வேண்டும் எனப் பிறர் கருதினர். சில நொடிகள் சுழற்றினாற் போதுமே என எண்ணினார் கெட்டரிங். எட்வர்டு டீட்ஸ் என்னும் நண்பரின் வீட்டுக் கொட்டிலில் தோழருடன் அயராது உழைத்தார். பொறி ஓடத் தொடங்கியபின், அம்மின்னோடியே மின்னாக்கியாய் மாறி மின்கலத்திற்கு மின்னூட்டுமாறும் அமைத்தார். 1912ஆம் ஆண்டுக் காடிலாக் வண்டிகள் இக்கருவியுடன் வெளிவந்தன. கைவலிமை இல்லாதாரும் அச்சமின்றி வண்டியோட்ட வழி பிறந்தது.

அவர் வாழ்வில் குறையும் உண்டு. 1921இல் அவர்தம் ஆய்வகத்தார் பெட்ரோலில் ஈயச்சேர்மத்தைக் கலக்கும் முறையைக் கண்டனர். அது நஞ்சாய்ப் பரவி மக்கள் நலத்தைக் கெடுத்தது. மோட்டார் வண்டிகளில் அதன் பயன்பாடு உலகெங்கும் ஒழிய 2021ஆம் ஆண்டாயிற்று. கெட்டரிங் 1958இல் மறைந்தார்.

வண்டி கிளம்பாதபோது, அறிந்தோர் மின்கலத்தையும் அதன் இணைப்புகளையும் முதற்கண் ஆராய்வர், கிளப்பும் விசையை நெடுநேரம் அழுத்தார், இடைவிட்டே முயல்வர். சில நொடி உழைப்புக்கென அமைந்த மின்னோடி, நீள உழைப்பின் வெம்மையாற் கெடும். மாணவர்களே, ஒரு பொருளின் ஆற்றலோடு அதன் எல்லையையும் அறிதலே அறிவு. கண்ணொளி குன்றிய ஒருவர் அதனைக் கண்டு உலகுக்கு உதவினார். தம் எல்லையை மறந்தவிடத்துத் தீங்கும் விளைந்தது. இரண்டும் நமக்குப் பாடமாகும்.