மாண்டிசோரி அம்மையார்

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், இத்தாலி நாட்டின் தலைநகராகிய உரோமாபுரியில், அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் பலர் பித்தரோடு பித்தராய் மனநோய் விடுதிகளில் அடைபட்டுக் கிடந்தனர். அவர்களுக்கும் கல்வி புகட்டலாம் என்று எண்ணியோர் மிகச் சிலரே.

மரியா மாண்டிசோரி 1870-இல் பிறந்து, 1896-இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். மனநோய் மருத்துவத் துறையில் பணியாற்றுங்கால் அவ்விடுதிகளுக்குச் சென்று அப்பிள்ளைகளைக் கண்டார். மருந்தினும் கல்வியே அவர்களுக்கு மிகுதியும் வேண்டுவது எனத் துணிந்தார். மருத்துவர் ஒருவர் இவ்வாறு கூறுவது எளிதன்று. அவரோ 1898-இல் தூரின் நகரில் கூடிய கல்வி மாநாட்டிலேயே இதனை எடுத்துரைத்தார்.

ஆயின், கற்பிப்போர் யார்? இத்தகைய பிள்ளைகளுக்கேற்ற ஆசிரியர்களை உருவாக்க 1900-இல் உரோமாபுரியில் ஒரு பயிற்சிப் பள்ளி தோன்றியது. அதன் இயக்குநர் இருவருள் அம்மையாரும் ஒருவர். பிள்ளைகளை உற்றுநோக்கும் முறையை ஆசிரியர்களுக்குப் பயிற்றியதோடு, நாள்தோறும் காலை 8 மணி முதல் மாலை 7 மணி வரை பிள்ளைகளுடன் இருந்து தாமும் கற்பித்தார்.

அங்கே ஒரு சிறுமிக்குத் துணியில் இழையோட்ட வரவில்லை. எத்துணை முறை காட்டியும் பயனில்லை. அம்மையார் ஊசியை அப்பால் வைத்துவிட்டு, காகிதப் பட்டைகளை மேலும் கீழுமாகச் செலுத்திப் பாய் முடையக் கற்பித்தார். அதில் கை தேர்ந்தபின் ஊசியைக் கொடுத்தார். இழை தடையின்றி ஓடிற்று! செயலுக்கு முன்னரே கையைப் பழக்க வேண்டும் என்பதை அவர் கண்டுகொண்டார். எழுத்துக்கும் அதுவே வழியாயிற்று. உயிரெழுத்துகளைச் சிவப்பிலும் மெய்யெழுத்துகளை நீலத்திலும் தீட்டிய மர எழுத்துகளைச் செய்வித்தார். பிள்ளைகள் அவற்றை விரலால் தடவித் தடவி வடிவறிந்து, பின்னர் எழுதினர்.

அவருடைய மாணவர் சிலர் மற்றப் பிள்ளைகளுடன் அமர்ந்து பொதுத் தேர்வு எழுதித் தேறினர். ஊரார் வியந்தனர். அம்மையாருக்கோ வேறொரு கவலை பிறந்தது. நலமுள்ள பிள்ளைகள் இவர்களினும் மிக முந்தியிருக்க வேண்டாவா? அவர்களைப் பின்னிழுப்பது பள்ளிகளின் முறையன்றோ? இவ்வினாவே அவரை 1907-இல், உரோமாபுரியின் ஏழையர் குடியிருப்பு ஒன்றில் குழந்தைகள் இல்லம் தொடங்கச் செய்தது. அவ்வில்லத்தால் அவர் புகழ் உலகெங்கும் பரவிற்று.

1939-இல் பிரம்மஞான சபையாரின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாற்றுக்கு வந்தார். அப்போது அவருக்கு அகவை 69. மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கவே, ஆங்கில அரசினர் அவரைப் பகை நாட்டவராகக் கருதி, அவர் நடமாட்டத்திற்குத் தடை விதித்தனர். ஆயினும் பயிற்சி வகுப்புகள் நிற்கவில்லை. 1946 வரை நம் நாட்டிலேயே தங்கி, சென்னையிலும் கொடைக்கானலிலும் பிற ஊர்களிலும் ஆசிரியர்களைப் பயிற்றினார். 1952-இல் ஆலந்து நாட்டில் இயற்கை எய்தினார்.