தோல்வியில் விளைந்த வெற்றி

ஹந்தானை மலைச்சாரலில் மாணாக்கர் சதுரங்கம் ஆடுங்கால் யான் நினைவுகூரும் பேரறிஞர் ஆலன் டூரிங். 1912ஆம் ஆண்டு இலண்டனிற் பிறந்தவர். அவர்தம் அன்னையாரோ கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரிற் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரிற் பகைவரின் மறைமொழியை உடைத்த டூரிங், பின்னர் நண்பர் ஒருவருடன் சதுரங்கம் ஆடுதற்குரிய கணினி நிரலொன்றை வகுத்தார். அன்றைய கணினியில் அது முற்றும் இயங்கவில்லை. ஆதலின் 1952இல் தாமே பொறியாய் அமர்ந்து, தாளிற் கணக்கிட்டுக் காய் நகர்த்தினார். ஒரு நகர்வுக்கு அரைமணி அளவு சென்றது. 29 நகர்வுகளில் அலிக் கிளெனி வென்றார்.

ஆடவரை விரும்பினார் என்பதற்காக அவ்வாண்டே தண்டிக்கப்பெற்ற டூரிங், 1954இல், 41ஆம் வயதில், நஞ்சால் மாண்டார். அரச மன்னிப்பு வந்ததோ 2013இல்!

அந்நிரலை 2012இல் காஸ்பரோவ் 16 நகர்வுகளில் வீழ்த்தினார். ஆயினும் 1997இல் அக்காஸ்பரோவையே மற்றொரு கணினி வென்றிருந்தது. டூரிங் தோற்ற ஆட்டமே அவ்வெற்றிக்கு வித்தென்று யான் கருதுகின்றேன்.