சென்னையில் பிறந்த பனிச்சறுக்கு முன்னோடி

ஆண்டிறுதி விடுமுறைக்குப் பனி பார்க்கப் போகலாமா என்ற பேச்சு இப்போது நம் கெலாங் பாத்தா வீடுகளிலும் எழுகிறது. எந்த ஊருக்குப் போவது என்று தேடுபவர்கள் சுவிட்சர்லாந்தின் மியூரனையும் பார்த்திருப்பார்கள். அந்த மலைக்கிராமத்தைப் புகழ்பெறச் செய்தவர் ஆர்னல்டு லன். 1888இல் பிறந்தார், எங்கே தெரியுமா? நம் சென்னையில்!

சமயப் பணிக்காக இந்தியா வந்திருந்த தந்தை ஹென்றி லன், இங்கிலாந்து திரும்பியபின் பயண நிறுவனம் நடத்தினார். குளிர்காலத்தில் வெறிச்சோடிக் கிடந்த மியூரனுக்கு ஆங்கிலேயர்களை அழைத்துச் சென்றவர் அவரே.

மகனுக்கு மலைதான் உயிர். 1909இல் வேல்ஸ் மலையொன்றில் ஏறும்போது விழுந்து வலது கால் நொறுங்கியது. ஆறிய பின் அந்தக் கால் குட்டையாகிவிட்டது. புண் பல ஆண்டுகள் தொல்லை கொடுத்தது. அப்படியும் அவர் சறுக்குவதை விடவில்லை.

அக்காலத்தில் வளைந்து வளைந்து சறுக்கும் போட்டியில் அழகுக்கே மதிப்பெண். நடுவருக்குப் பிடித்தால் வெற்றி! லன்னுக்கு இது நியாயமாகப் படவில்லை. 1922 ஜனவரியில் மியூரன் சரிவில் கொடிகளை நட்டார். அவற்றைச் சுற்றி யார் விரைவாக இறங்குகிறாரோ அவரே வெற்றியாளர். இன்றைய ஸ்லாலம் இப்படித்தான் பிறந்தது. ஸ்காண்டிநேவிய நாட்டினர் எளிதில் ஏற்கவில்லை. ஆனாலும் 1931இல் முதல் உலகப் போட்டி மியூரனிலேயே நடந்தது. 1936இல் ஒலிம்பிக்கிலும் ஸ்லாலம் நுழைந்தது.

1952இல் சர் பட்டம் பெற்ற லன், 1974இல் காலமானார்.

மியூரனுக்கு இன்றும் காரில் போக முடியாது. கேபிள் காரும் மலை ரயிலும்தான். ஜனவரியில் போகிறவர்கள், 1928இல் தொடங்கிய இன்ஃபெர்னோ போட்டி எந்த வாரம் என்று பார்த்துவிட்டு அறை பதிவு செய்யுங்கள்.