மண்டியிட்ட தலைவர்

எனக்குப் பிடித்த தலைவர் யாருன்னு கேட்டா, ஜெர்மனியின் வில்லி பிராண்ட் என்பேன். 1913-ல் லூபெக் நகரில் பிறந்தவர். ஹிட்லரை எதிர்த்ததால் 1933-ல் நார்வேக்குத் தப்பியோடினார், குடியுரிமையையும் இழந்தார். போருக்குப் பின் தாயகம் திரும்பி, 1969-ல் மேற்கு ஜெர்மனியின் சான்சலரானார்.

1970 டிசம்பர் 7 அன்று போலந்தோடு எல்லை ஒப்பந்தம் செய்ய வார்சா சென்றார். நாஜிகளை எதிர்த்து மடிந்த யூதர்களின் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைத்தவர், அப்படியே ஈரத்தரையில் மண்டியிட்டுட்டார்! அந்தக் கொலைகளில் அவருக்குத் துளியும் பங்கில்லை. நாட்டுக்காகத் தலை குனிந்தார். சொந்த ஊர்லயே பாதிப்பேருக்கு அது பிடிக்கலை. உலகமோ 1971-ல் நோபல் அமைதிப் பரிசு தந்தது.

1990-ல் ஜெர்மனி ஒன்றானதைக் கண்ணாரக் கண்டு, 1992-ல் மறைந்தார். பழியை மறைச்சிருந்தா அண்டை நாடுகள் நம்பியிருக்குமா? யோசிப்போம், நண்பர்களே!