கழற்றிப் பார்த்துக் கற்றவர்

பணி ஓய்வுக்குப் பின் குன்னூரில் குடியேறிய முதல் மாதமே என் பழைய மோட்டார் சைக்கிள் முரண்டு பிடித்தது. சமவெளியில் சீராக ஓடிய வண்டி, இங்கே கரும்புகை கக்கியது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் கரி படிந்திருந்தது. சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. சமவெளிக்கு ஏற்ப அமைக்கப்பட்ட கார்புரேட்டர், இங்குள்ள காற்றுக்குத் தேவையானதைவிட அதிக பெட்ரோலைத் தந்துவிடுகிறது. வாசலில் ஸ்பேனரும் கையுமாக அமர்ந்த பிறகே இது எனக்கு விளங்கியது. செய்து கற்றலின் பொருளாதார விளைவுகள் குறித்து கென்னத் ஆரோ 1962-இல் எழுதிய கட்டுரையை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்கியவன் நான். ஆனால், அதுவரை ஒரு திருகைக்கூடக் கழற்றியதில்லை.

அன்று என் நினைவுக்கு வந்தவர், மலைக்குக் கீழே கோவையில் வாழ்ந்த ஜி.டி. நாயுடு. 1893 மார்ச் 23-இல் கோவை அருகேயுள்ள கலங்கல் கிராமத்தில் பிறந்த கோபால்சாமி துரைசாமி நாயுடுவுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. படிப்பு தொடக்க நிலையிலேயே நின்றுபோனது. ஆங்கிலேய வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த 'ரட்ஜ்' மோட்டார் சைக்கிள்தான் அவருடைய வாழ்வின் திசையை மாற்றியது. அதை வாங்கக் கையில் பணமில்லை. கோவைக்குச் சென்று உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்தார். சிறுகச் சிறுகச் சேமித்து அந்த வண்டியை வாங்கினார். வாங்கியவர் ஓட்டி மகிழ்வதோடு நிற்கவில்லை. அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, மீண்டும் பூட்டினார். அவருடைய பொறியியல் கல்வி அங்கே தொடங்கியது.

1920-இல் ஒரே ஒரு பேருந்துடன் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கினார். அதுவே பின்னர் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. 1937-இல் டி. பாலசுந்தரத்துடன் இணைந்து அவர் உருவாக்கிய மின் மோட்டார், இந்தியாவிலேயே தயாரான முதல் மின் மோட்டார் எனப் போற்றப்படுகிறது. மோட்டாருக்கும் பம்புக்கும் இன்று கோவை பெற்றிருக்கும் புகழுக்கு அது வித்திட்டது எனலாம். மின் சவரக் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் இயங்கும் மின்விசிறி என அவருடைய ஆக்கங்கள் பல.

1945-இல் அவருடைய கொடையால் கோவையில் ஆர்தர் ஹோப் பொறியியல் கல்லூரி உருவானது. அவரே முதல்வராகவும் இருந்தார். பொறியியலுக்கு நான்கு ஆண்டுகள் தேவையில்லை, பட்டறையில் பழகினால் இரண்டே ஆண்டுகள் போதும் என்பது அவருடைய கருத்து. அரசு அதை ஏற்காததால் பதவி விலகினார். அக்கல்லூரிதான் இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. 1974 ஜனவரி 4-இல் அவர் மறைந்தார்.

அவரவர் வேலையை அவரவர் செய்வதே சிக்கனம் என்கிறது பொருளியல். அந்தக் கணக்கின்படி, என் வண்டியை ஒரு மெக்கானிக்கிடம் விடுவதே சரி. ஆனால், நாயுடு வண்டியைப் பிரித்தது செலவை மிச்சப்படுத்துவதற்காக அல்ல. பிரித்த வண்டி அவருக்குப் பாடப்புத்தகமானது. அந்தப் பலன் எந்த வரவு செலவுக் கணக்கிலும் வராது.

இன்றைய கருவிகள் பலவற்றைத் திறக்கவே முடிவதில்லை. பசை வைத்து ஒட்டுகிறார்கள். உதிரி பாகம் கிடைப்பதில்லை. பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022-இல் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டே இணையதளமும் தொடங்கப்பட்டது. இதை நுகர்வோரின் பணப் பிரச்னையாக மட்டுமே நாம் பார்க்கிறோம். திறக்க முடியாத ரட்ஜ் வண்டி அன்று நாயுடுவின் கையில் கிடைத்திருந்தால், அவர் ஒரு நல்ல ஓட்டுநராக மட்டுமே இருந்திருக்கக்கூடும்.

இருமுறை தவறாகப் பூட்டி, மூன்றாம் முறை பக்கத்துத் தெரு மெக்கானிக்கின் வழிகாட்டுதலில் கார்புரேட்டரைச் சரிசெய்தேன். புகை நின்றது. இப்போது வீட்டில் எது பழுதானாலும், தூக்கி எறியும் முன் என் பேரனை அருகில் அமர்த்திக் கழற்றிப் பார்க்கிறோம். பாதி மீண்டும் ஓடுவதில்லை. அதனால் இழப்பும் இல்லை.