கம்பைலரை உருவாக்கியவர்... பராமரிப்பிலும் பத்து வருஷம் செலவிட்டவர்! யார் இந்த கிரேஸ் ஹாப்பர்?

ஐடி வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு பொதுவான பயம் உண்டு. எங்கே நம்மை சப்போர்ட், மெயின்டனன்ஸ் புராஜெக்ட்டில் போட்டுவிடுவார்களோ என்பதுதான் அது. திருநீர்மலை, பம்மல், குரோம்பேட்டை பக்கத்திலிருந்து தினமும் மெப்ஸுக்கும் ஓஎம்ஆருக்கும் கிளம்பிப் போகிற இளைஞர்களில் பலர் பார்ப்பது இந்த வேலையைத்தான். ஏற்கெனவே யாரோ எழுதின கோடு. அதுக்கு பேட்ச் போடணும், வெர்ஷன் மாத்தணும், மாத்தின பிறகு பழசு உடையாம இருக்கான்னு பார்க்கணும். இதுல என்ன பெருமை என்று தோன்றலாம்.

இந்த வேலையை ஓய்வுபெற்ற பிறகும் திரும்பி வந்து செய்தவர் ஒருவர் இருக்கிறார். உலகின் முதல் கம்பைலரை எழுதியவர் என்று பெயர் வாங்கிய கிரேஸ் ஹாப்பர். அவர் கம்பைலர் எழுதிய கதை பலருக்குத் தெரியும். அதைப் பராமரிக்க ஒரு முறையை உருவாக்கிய கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

*ஏழு அலாரம் கடிகாரங்கள்*

1906 டிசம்பர் 9-ம் தேதி நியூயார்க்கில் பிறந்தார் கிரேஸ். ஏழு வயதில், அலாரம் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள ஒன்றைக் கழற்றினார். திரும்பப் பூட்ட வரவில்லை. உடனே அடுத்ததைக் கழற்றினார். வீட்டில் இருந்த ஏழு கடிகாரங்களும் காலி. அம்மா திட்டவில்லை. இனி ஒரே ஒரு கடிகாரம்தான் உனக்கு என்று ஒதுக்கிக் கொடுத்துவிட்டார்.

1928-ல் வாஸர் கல்லூரியில் கணிதம், இயற்பியலில் பட்டம். 1934-ல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம். வாஸரிலேயே கணிதப் பேராசிரியர் வேலை. இரண்டாம் உலகப் போர் வராமல் இருந்திருந்தால் வாழ்க்கை அப்படியே போயிருக்கும்.

1943-ல் கடற்படையில் சேர விண்ணப்பித்தார். எடை சுமார் 7 கிலோ குறைவு, வயதும் கூடுதல். சிறப்பு அனுமதி வாங்கி உள்ளே போனார். பயிற்சியில் முதலிடம். 1944-ல் அவரை ஹார்வர்டுக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தது மார்க் 1 என்ற 51 அடி நீளக் கணக்குப் பொறி. அதற்கு புரோகிராம் எழுதிய முதல் சிலரில் அவரும் ஒருவர். அந்தப் பொறியை இயக்குவதற்கான 561 பக்கக் கையேட்டை எழுதும் பொறுப்பும் அவரிடமே வந்தது.

*அந்தப் பூச்சி கதை உண்மையா?*

பாதி உண்மை. 1947 செப்டம்பர் 9 அன்று மார்க் 2 பொறியின் ரிலே ஒன்றில் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்துப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டினார்கள். அந்தப் பதிவேடு இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திடம் இருக்கிறது. ஆனால் பூச்சியைக் கண்டுபிடித்தவர் ஹாப்பர் இல்லை. பக் என்ற சொல்லும் அன்று பிறந்தது இல்லை. எடிசன் காலத்துப் பொறியாளர்களே இயந்திரக் கோளாறை அப்படித்தான் சொன்னார்கள். ஹாப்பர் மேடைதோறும் சுவையாகச் சொன்னதால் கதை அவர் பெயரிலேயே நின்றுவிட்டது.

*கம்பைலர் எப்படி வந்தது?*

கம்ப்யூட்டருக்குப் புரிவது எண்கள் மட்டும்தான். மனிதர்கள் எழுதுகிற கோடை அந்த எண்களாக மாற்றிக் கொடுக்கும் மென்பொருள்தான் கம்பைலர்.

1940-களில் கம்பைலர் கிடையாது. வர்க்கமூலம் போல அடிக்கடி தேவைப்படும் கணக்குகளுக்கான கோடை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருப்பார்கள். தேவைப்படும்போது அதைப் பார்த்துக் கையால் காப்பி எடுப்பார்கள். இடத்துக்கு இடம் நினைவக முகவரி மாறும் என்பதால் ஒவ்வொரு எண்ணையும் கூட்டி மாற்றி எழுத வேண்டும். கணிதம் படித்தவர்களுக்கும் காப்பி எடுக்கும்போது தப்பு வரும்.

1949-ல் யூனிவாக் கம்ப்யூட்டரை உருவாக்கிய எக்கர்ட்-மாக்லி நிறுவனத்தில் சேர்ந்தார் ஹாப்பர். அங்கே அவருக்கு வந்த யோசனை எளிமையானது. அந்தக் கணக்குகளை எல்லாம் டேப்பில் பதிந்து வைப்போம். ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண் கொடுப்போம். எண்ணைச் சொன்னால் கம்ப்யூட்டரே தேடி எடுத்து, முகவரியை மாற்றி, ஒன்றாகத் தொகுக்கட்டும். தொகுக்கிறது என்பதால்தான் கம்பைலர் என்ற பெயர். 1952-ல் வந்த அதன் பெயர் ஏ-0. இன்றைய கணக்கில் பார்த்தால் அது லிங்கர், லோடர் வகையைச் சேர்ந்தது என்று சொல்வோரும் உண்டு. ஆனால் கோடு எழுதும் வேலையில் ஒரு பகுதியைக் கம்ப்யூட்டரிடமே விடலாம் என்ற எண்ணத்துக்கு அது வழி திறந்தது.

அடுத்தடுத்த வடிவங்கள் வந்தன. 1953-ல் ஏ-2 கம்பைலரை வாடிக்கையாளர்களுக்கு மூலக்கோடுடன் சேர்த்தே கொடுத்தார்கள். நீங்கள் செய்யும் திருத்தங்களை எங்களுக்கு அனுப்புங்கள் என்றும் கேட்டுக்கொண்டார்கள். இன்றைய ஓப்பன் சோர்ஸ் பழக்கத்துக்கு இது முன்னோடி என்று பலர் சொல்கிறார்கள்.

பிறகு ஆங்கிலச் சொற்களிலேயே புரோகிராம் எழுதும் ஃப்ளோ-மேட்டிக் வந்தது. அதற்கு நிர்வாகத்திடம் ஒப்புதல் வாங்கப் போனபோது, சொற்களை மட்டும் மாற்றி பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளிலும் அதே புரோகிராமைக் காட்டினார் ஹாப்பர். அமெரிக்கக் கம்ப்யூட்டருக்கு அந்நிய மொழியா என்று அதிகாரிகள் மிரண்டுவிட்டார்கள். கம்பைலருக்கு எந்த மொழிச் சொல்லாக இருந்தாலும் ஒன்றுதான். தமிழ்ச் சொற்களில் எழுதும் எழில் என்ற நிரல்மொழி இன்று இருப்பதும் இதே அடிப்படையில்தான்.

*ஒரே மொழி, ஆளுக்கொரு கம்பைலர்*

1959 மே மாதம் பென்டகனில் கூடிய கூட்டம் ஒன்றில், எல்லா நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களிலும் ஓடக்கூடிய ஒரு வணிக மொழி வேண்டும் என்று முடிவானது. அப்படிப் பிறந்ததுதான் கோபோல். அதை வடிவமைத்த குழுவில் ஜீன் சம்மெட் உள்ளிட்ட பலர் இருந்தார்கள். ஹாப்பர் ஆலோசகர். அவருடைய ஃப்ளோ-மேட்டிக்தான் பெரிய அடித்தளம். 1960 டிசம்பரில் ஒரே கோபோல் புரோகிராமை யூனிவாக், ஆர்சிஏ என இரண்டு வேறு நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களில் ஓட்டிக் காட்டினார்கள். அன்றைக்கு அது பெரிய சாதனை.

பிரச்சினை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கோபோல் கம்பைலர் எழுதியது. ஒருவர் சில வசதிகளை விட்டுவிட்டார். இன்னொருவர் தன் சொந்தச் சரக்கைச் சேர்த்தார். திருநீர்மலைக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே பெருமாள் நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் நான்கு கோலங்களில் காட்சி தருகிறார். பக்தர்களுக்கு அது பாக்கியம். ஆனால் ஒரே சம்பளப் பட்டியல் புரோகிராம் நாலு மெஷின்ல நாலு கோலம் காட்டினா ஆபீஸ் தாங்காது.

அமெரிக்கக் கடற்படையில் நிலைமை அப்படித்தான் இருந்தது. மெஷினை மாற்றினால் புரோகிராமையும் திருத்தி எழுத வேண்டியிருந்தது.

*ஆறு மாசத்துக்குக் கூப்பிட்டார்கள்*

1966 கடைசியில், 60 வயதில், வயது வரம்பைக் காட்டிக் கடற்படை அவருக்கு ஓய்வு கொடுத்தது. ஏழெட்டு மாதம்தான் ஆகியிருக்கும். 1967 ஆகஸ்டில் மறுபடியும் அழைப்பு. கோபோல் குழப்பத்தைச் சரிசெய்ய வேண்டும், ஆறு மாசம் போதும் என்றார்கள். அந்த ஆறு மாசம், நடுவில் ஒரு சின்ன ஓய்வைத் தவிர்த்தால், 1986 வரை நீண்டது.

1967 முதல் 1977 வரை கடற்படையின் நிரல்மொழிக் குழுவுக்கு அவர்தான் இயக்குநர். அங்கே அவர் புது மொழி எதையும் கண்டுபிடிக்கவில்லை. கம்பைலர்களைச் சோதிக்கும் புரோகிராம்களை உருவாக்க வைத்தார்.

அது எப்படி வேலை செய்யும்? மொழியின் விதிப்புத்தகத்தில் உள்ள ஒவ்வொரு வசதிக்கும் ஒரு சின்ன கோபோல் சோதனை. உதாரணத்துக்கு, ஒரு தொகையை வகுத்து முழு எண்ணாக்கச் சொல்வது. சரியான விடை என்ன என்று சோதனைக்கு முன்பே தெரியும். கம்பைலர் தரும் விடை அதோடு பொருந்தினால் தேர்ச்சி, இல்லாவிட்டால் தோல்வி. தோற்ற இடங்களின் பட்டியல் கையில் இருந்தால், எங்க கம்பைலர் சரியாத்தான் இருக்கு என்று எந்த நிறுவனமும் சமாளிக்க முடியாது. திருத்தியே ஆக வேண்டும்.

இதில் முக்கியமான விஷயம், இது ஒருமுறை செய்து முடிக்கிற வேலை இல்லை. 1968-ல் கோபோலுக்கு அமெரிக்கத் தேசியத் தரம் வந்தது. 1974, 1985 என்று அந்தத் தரம் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே போனது. கம்பைலரில் ஒரு பிழையைத் திருத்தும்போது வேறு இடத்தில் இன்னொன்று முளைக்கலாம். அதனால் ஒவ்வொரு புது வெர்ஷனையும் முதலிலிருந்து சோதிக்க வேண்டும். இதைத்தான் இன்று ரெக்ரஷன் டெஸ்டிங் என்கிறோம். கடற்படையில் வளர்ந்த இந்தச் சோதனைப் பணி பின்னாளில் நிஸ்ட் என்ற அமெரிக்க அரசின் தர நிறுவனத்திடம் போனது. இலவசமாகக் கிடைக்கும் குனூகோபோல் கம்பைலர் இன்றும் நிஸ்டின் கோபோல்-85 சோதனைத் தொகுப்பை ஓட்டித்தான் தன்னைச் சரிபார்த்துக்கொள்கிறது.

*கடைசி வரை வேலை*

1973-ல் கேப்டன், 1985-ல் ரியர் அட்மிரல். 1986 ஆகஸ்டில், 79 வயதில், பாஸ்டனில் நின்றிருந்த கான்ஸ்டிட்யூஷன் கப்பலில் விடைபெற்றார். வீட்டில் உட்காரவில்லை. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் ஆலோசகராகச் சேர்ந்தார். சுமார் 30 சென்டிமீட்டர் ஒயர் துண்டுகளைக் கூட்டங்களில் விநியோகிப்பது அவர் வழக்கம். ஒரு நானோ விநாடியில் மின்சமிக்ஞை அதிகபட்சம் அவ்வளவு தூரம்தான் போக முடியும் என்று புரியவைக்க. 1992 ஜனவரி 1 அன்று காலமானார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் ராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார். 2016-ல் அமெரிக்காவின் உயரிய குடிமக்கள் விருதான அதிபரின் சுதந்திரப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது.

*இது இப்போ நமக்கு எதுக்கு?*

2020 ஏப்ரலில், கொரோனா நேரத்தில், நியூஜெர்சி மாநில ஆளுநர் கோபோல் தெரிந்த தன்னார்வலர்கள் வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். வேலையிழந்தோருக்கான உதவித்தொகை விண்ணப்பங்கள் குவிந்தபோது பழைய சிஸ்டம் திணறியதே காரணம். எழுதினவர்கள் போய்விட்டார்கள், புரோகிராம் மட்டும் இருக்கிறது.

1990-களின் கடைசியில் ஒய்டூகே பிரச்சினை வந்தபோது இந்திய ஐடி நிறுவனங்களுக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் குவிந்ததும் மெயின்டனன்ஸ் வேலைக்குத்தான். பழைய கோடில் இரண்டு இலக்கமாக இருந்த வருஷத்தைத் தேடித் திருத்தும் வேலை அது.

கருவிகளும் ஓய்வதில்லை. ஜிசிசி கம்பைலருக்கு ஏறக்குறைய வருஷம் ஒரு பெரிய வெர்ஷன். ரஸ்ட் மொழிக்கு ஆறு வாரத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் வெளியாகும் முன் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னச் சோதனைகளைத் தாண்டி வருகிறது. நம் போனில் வங்கி ஆப் நேற்று போலவே இன்றும் சரியாகக் கணக்குக் காட்டுவதில் அந்தச் சோதனைகளுக்கும் பங்கு இருக்கிறது.

உங்களை சப்போர்ட் புராஜெக்ட்டில் போட்டிருக்கிறார்களா? முதல் பிழையைத் திருத்தும்போது, அது திரும்ப வந்தால் காட்டிக்கொடுக்க ஒரு சின்ன டெஸ்ட்டும் எழுதி வையுங்கள். ஹாப்பர் 60 வயதுக்கு மேல் செய்ததும் அந்த வேலையைத்தான்.